இறந்த இடம்

கலைக்களஞ்சியக்காரர்கள் நூற்றைம்பது சொல் கொடுத்தார்கள்.
மெக்சிகோ, பத்தொன்பதாம் நூற்றாண்டு,
படைத்தளபதி, தாராளவாதி, குடியரசுத் தலைவர்.
குன்னூரில் மார்கழி. பேனாவை உள்ளங்கையில் உருட்டி
சூடேற்றினால்தான் மை இறங்கும்.
முப்பத்தோரு வருஷம் வெலிங்டனில்
சிப்பாய்களின் பென்ஷன் கணக்குப் பார்த்தவன்.
ஒரு ஆயுளை எத்தனை வரியில் மடிக்கலாம் என்பது
எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

பிறப்பு, எழுதிவிட்டேன்.
மீசை அரும்பும் முன்பே ராஜாவின் படையில் சேர்ந்தார்,
பிறகு ராஜாவை எதிர்த்த படையில்.
இதற்கு எங்கள் ஆபீசில் ஒரு ரப்பர் முத்திரை உண்டு:
முந்தைய சேவை கணக்கில் சேராது.

வடக்கே ஒரு போர். தோற்றார்.
கூடாரத்தில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது
எதிரி வந்துவிட்டான் என்கிறது ஒரு நூல்.
இல்லை, குதிரைமேல்தான் இருந்தார் என்கிறது இன்னொன்று.
பெட்டிகள் பறிபோனதில் மட்டும் இரண்டுக்கும் சண்டையில்லை.
வெள்ளித் தட்டுகள், காகிதங்கள். சட்டைகளும் இருந்திருக்கும்.
நான் அந்தச் சட்டைகளையே நினைத்துக்கொண்டிருந்தேன்.
எவனோ ஒருவன் மாட்டிப் பார்த்திருப்பான்.
கை நீளம் சரியாக இருந்ததா?

தலைவரானார். கஜானாவைத் திறந்தால் காற்று.
தன்னை வளர்த்த படையின் செலவில்தான்
முதல் கத்தியை வைத்தார்.
தோள்பட்டைச் சரிகை,
இல்லாத குதிரைகளுக்குக் கொள்ளு,
செத்தவன் பெயரில் மாதாமாதம் சம்பளம்.
அடடா, இந்த ஆளை எனக்குத் தெரியுமே.

படைக்காரர்கள் மன்னிக்கவில்லை.
சபையிடம் அதிகாரம் கேட்டார், சபை தரவில்லை.
கேட்பானேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்று
பக்கத்தில் ஒருவராவது சொல்லாமல் இருந்திருப்பாரா?
ராஜினாமாவை எழுதி வைத்துவிட்டு
விடியும் முன் கிளம்பிவிட்டார்.

ஜன்னலுக்கு வெளியே பட்டுலா பைன்,
அவர் நாட்டு மரம்.
யாரோ நட்டார்கள், அடியில் புல் முளைக்க விடாது.
வேலியில் தொங்கும் மேரக்காயும் அந்தப் பக்கத்துக் கொடிதான்,
வீட்டில் பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு.
இதற்கெல்லாம் நூற்றைம்பதில் ஒரு சொல்லும் செலவில்லை.

கடைசி வரியில் வந்து நின்றுவிட்டேன்.
நாடு கடத்தினார்கள். நோய். கப்பல்.
இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே, தண்ணீரில்.
இதயத்தை மட்டும் ஊருக்கு அனுப்பச் சொன்னதாக ஒரு குறிப்பு,
உறுதியில்லை.
களஞ்சியத்தின் படிவம் கேட்கிறது:
இறந்த இடம்.

தொண்ணூற்றிரண்டில்
ஜெகதளாவிலிருந்து மிச்சியம்மாள் வந்தாள்.
வெள்ளை முண்டு, மஞ்சள் பை,
ஹவில்தார் பெள்ளிராஜின் மனைவி.
மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறியிருக்கிறார்கள்.
ஹில்குரோவுக்கும் ரன்னிமேடுக்கும் நடுவில்
பல்சக்கரம் பிடித்துப் பிடித்து ஏறும்போது
ஆள் ஜன்னலில் சாய்ந்திருந்தாராம்.
தூங்குகிறார் என்று சால்வையைப் போர்த்தியிருக்கிறாள்.
குன்னூரில் எழுப்பினால் எழவில்லை.

எங்கள் எல்லை இல்லை என்றது மேட்டுப்பாளையம்.
எங்கள் எல்லை இல்லை என்றது குன்னூர்.
நான் சொன்னது கோப்பில் இருக்கிறது:
இறந்த இடம் தெளிவில்லை. திருப்பி அனுப்பப்படுகிறது.
என் கையெழுத்து அப்போது அழகாக இருக்கும்.

நாலு தடவை வந்தாள்.
ஒவ்வொரு தடவையும் அதே ரயில் டிக்கெட்டை
மேசையில் வைத்து நீவிவிடுவாள்,
அதில் ஊர் எழுதியிருக்கிறது பாருங்கள் என்பதுபோல.
ஐந்தாம் தடவை மகன் வந்தான், தலை மழித்திருந்தது.
அவள் இறந்த இடம் ஜெகதளா.
அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நடுக்கடல் என்று எழுதினேன், அடித்தேன்.
கப்பலின் பெயரை எழுதினேன், அதையும்.
விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்சநேரம் பைன் இரைவதைக் கேட்டேன்.
திரும்ப ஏற்றி,
'வழியில்'
என்று எழுதி ஒட்டிவிட்டேன்.

கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவார்கள்.
அங்கேயும்
கையெழுத்து அழகான ஒருவன் இருப்பான்.